அவரைக்கொடியில் ஏறிய கறுப்பு

மார்கழி பிறந்ததும் எங்கள் குவார்ட்டர்ஸின் பின்பக்கத்து அவரை கறுக்க ஆரம்பித்தது. ஆடியில் ஊன்றிய விதை. பந்தல் முழுக்கப் படர்ந்து, ஊதாப் பூவை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்த கொடி. இப்போது யாரோ இலை இலையாக மை பூசிவிட்டுப் போனதுபோல் இருந்தது. பூ உதிர்ந்தது, பிஞ்சு சுருண்டது.

என் மனைவிக்கு இதில் ஓர் அவசரம். பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் ரிட்டயர் ஆகிவிட்டார். மார்கழியில் வீடு மாற மாட்டார்கள். தை பிறந்ததும் குறிஞ்சிப்பாடிக்குச் சாமான் ஏற்றிவிடுவார்கள். நாங்கள் குடிவந்ததிலிருந்து, குளிர் தொடங்கினால் மதில்மேல் அக்கா வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் அவரை வந்து உட்காரும். எங்கள் மண்ணில்தான் எதுவும் நிலைக்காது. கிண்ணத்தை வெறுமனே திருப்பக் கூடாதென்று என் மனைவி முறுக்கோ சர்க்கரையோ போட்டு அனுப்புவாள். இந்த வருஷம்தான் கொடி பிழைத்தது. அவர்கள் கிளம்புவதற்குள் ஒரு தடவையாவது நம் வீட்டுக் காய் அந்த அக்காவுக்குப் போய்விட வேண்டும் என்பது அவள் வைராக்கியம்.

கறுப்புக்குக் குற்றவாளியைத் தேடி அவள் வெளியே போகவில்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் ஷிப்ட் பார்ப்பவன் நான். என் காக்கிச் சட்டை காய்கிற கயிறு பந்தலை ஒட்டியே இருந்தது. வேறு சாட்சி எதற்கு? கயிறு அன்றைக்கே வாசல் பக்கம் நாடு கடத்தப்பட்டது. என் சட்டை தெருவைப் பார்த்துக் கைவீசிக்கொண்டு நின்றது. அவள் தினமும் காலையில் ஹோஸைப் பிடித்து இலைகளைக் குளிப்பாட்டினாள். கறுப்பு அசையவில்லை.

ஒரு நாள் நான் இலையை விரலால் தேய்த்துப் பார்த்தேன். இந்த ஊர்க் கரியோடு எனக்குப் பாதி ஆயுள் பழக்கம். அது பழுப்பு, உலர்ந்த மாவு மாதிரி, ஊதினால் பறக்கும். இது நல்ல கறுப்பு, அதோடு விரலில் பிசுபிசுத்தது. சொன்னேன்.

“உங்க கரிக்கு நீங்களே வக்கீலா?” என்றாள்.

மகள் வீட்டுக்குப் போய் அன்றுதான் திரும்பியிருந்த அக்கா, மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார்.

“அந்தத் தம்பிய ஏம்மா வையிற? எறும்பு வரிசையா மேல ஏறிக்கினு இருக்குது பாரு. கரியத் தின்னவா போவுது?”

எறும்பின் பின்னாலேயே எங்கள் இரண்டு பேர் கண்ணும் ஏறின. கொழுந்து நுனியில் தண்டே தெரியாமல் அப்பிக்கிடந்தது அசுவினி. அக்கா அதைப் பேன் என்றார். சாற்றை உறிஞ்சி, தித்திப்பாகக் கீழே சொட்டுகிற பூச்சி. தித்திப்புக்கு எறும்பு வந்தது. ஒட்டின தித்திப்பின்மேல் கறுப்பாய்ப் பூசணம் பூத்தது. ஊரில் எது கறுத்தாலும் கரி என்று நினைத்தே பழகிய கண் எங்களுக்கு.

மன்னிப்பெல்லாம் கிடைக்கவில்லை. வேலைதான் கிடைத்தது. பேன் அப்பிய நுனிகளை வெட்டினேன். வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் அடித்துக் கலக்கி, வெயில் தாழ்ந்ததும் இலைக்கு அடியில் தெளித்தோம். வீடே கசந்து மணத்தது. பத்துப் பதினைந்து நாளில் புள்ளி போட்ட சிவப்பு வண்டுகள் விருந்துக்கு வந்து மீதிப் பேனைத் தின்றன. பனியில் புதுக்கொழுந்து பச்சைப் பசேலென்று எழுந்தது. அவள் தேதிக் காலண்டரையும் பூவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொங்கல் முடிந்து மினி லாரி வந்து நின்ற காலையில் பந்தலில் தேறியது ஒரு கைப்பிடிதான். அக்காவின் கிண்ணம் மூட்டைக்குள் போய்விட்டது. அடுப்பும் வண்டியில் ஏறிவிட்டது. பச்சையாகக் கொடுத்து அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. ஓடிப்போய் அக்காவைக் கையைப் பிடித்து எங்கள் சமையலறைக்கு இழுத்து வந்தாள். தேங்காய் துருவி, பொரியல் செய்து, சுடுசோற்றோடு முன்னால் வைத்துவிட்டு வாயையே பார்த்து நின்றாள். வெளியே டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

அக்கா ஒரு வாய் மென்றார்.

“இன்னும் ரெண்டு நாள் முன்னாடி பறிச்சிருக்கணும்மா. நார் தட்டுது.”

என் மனைவியின் முகம் விழுவதற்குள் தட்டை நீட்டினார்.

“இன்னும் கொஞ்சம் வையி. அவன் அடிச்சிக்கினு இருக்கட்டும்.”