விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்த போட்டோக்காரி

எங்கள் பக்கம் போட்டோக்காரர் வருகிறார் என்றால் கல்யாணமாக இருக்கும், இல்லையென்றால் காதுகுத்து. வீட்டைப் படம் எடுக்க மதுரையிலிருந்து ஒரு பெண் வருகிறாள் என்றதும் என் மாமியார் பீரோவிலிருந்து அரக்குப் பட்டுச் சேலையை எடுத்துக் கட்டி, பவுடரும் பூசிக்கொண்டு முன்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஆளில்லாம வெறும் வீட்டை எதுக்குத்தா எடுக்குறாக?" என்று கேட்டார். எனக்கும் விளக்கத் தெரியவில்லை.

மண்டபம் ஊரில் கடலைப் பார்த்த வீடு அது. முன்கூடமும் இரண்டு அறைகளும் தங்க வருகிறவர்களுக்கு, பின்கட்டு எங்களுக்கு. வளைகுடாவில் வருஷக்கணக்காக லாரி ஓட்டிய என் கணவர், இனிமேல் போவதில்லை என்று சொல்லிக் கட்டியது. ராமேஸ்வரம் போகிற கூட்டமெல்லாம் எங்கள் வழியாகத்தான் போகும், ஆனால் எங்கள் வாசலில் ஒருவரும் இறங்கவில்லை. குற்றம் நான் செல்போனில் எடுத்து இணையத்தில் போட்ட படங்கள்மேல்தான். ஒரு படத்தில் அறையே சரிந்து நின்றது. இன்னொன்றில் சிவப்பு வாளிதான் கதாநாயகன். மொத்தத்தில் லாக்கப் மாதிரி இருந்தது.

வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் பழைய ஏஜெண்ட் மறுபடி போன் செய்யத் தொடங்கினார். "இந்த சீசன் பாப்போம். ஆள் வரலேன்னா கெளம்ப வேண்டியதுதான்" என்றார் கணவர், என் முகத்தைப் பார்க்காமல். மாமியார் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். மகன் சம்பாத்தியம் நின்றுபோன வருத்தம் போலும் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு தடவை விமான நிலையத்தில் அழுதுவிட்டுத் திரும்பும் தெம்பு என்னிடம் இல்லை. தெரிந்தவர்களிடம் விசாரித்து, கட்டடங்களையும் அறைகளையும் மட்டுமே எடுக்கும் அந்தப் பெண்ணைப் பிடித்தேன்.

மத்தியானம் வந்து சேர்ந்தாள். சாப்பிட்டாள். பொழுது சாயும்வரை ஒரு படம்கூட எடுக்கவில்லை. மெத்தையின் பிளாஸ்டிக் உறையை உருவினாள், காலண்டரைக் கழற்றினாள், நான் ஆசையாக வாங்கி வைத்த பிளாஸ்டிக் ரோஜாவைத் தூக்கிப் பின்கட்டில் வைத்தாள். படம் எடுக்க வந்தாளா, வீட்டைக் காலி பண்ண வந்தாளா என்று எனக்குச் சுருக்கென்றது.

"எப்பம்மா எடுப்பே?" என்றேன்.

"பொழுது எறங்கட்டும்க்கா. வெளிய வானம் நீலமா இருக்கையில உள்ள விளக்கு மஞ்சளா எரியணும். அந்த வெளிச்சம் கொஞ்ச நேரந்தான் நிக்கும்."

"அது வெளக்கு வைக்கிற நேரம்ல" என்றார் மாமியார், தனக்குத் தெரிந்த சங்கதி ஒன்று கிடைத்த சந்தோஷத்தில். சொன்னபடியே நேரத்துக்கு எழுந்து, கூடத்து மாடத்தில் விளக்கை ஏற்றினார்.

அந்த நேரம் பார்த்துக் காற்று சுழன்று அடித்தது. திறந்திருந்த கதவு வழியாகக் கடற்கரை மணல் கூடம் முழுக்க இறைந்தது. அந்தப் பெண் ஓடிப்போய் விளக்குமாற்றை எடுத்தாள்.

"ஏத்தா, கீழ போடு! வெளக்கு வச்ச பிறகு கூட்டுவாகளா? வீட்டு லச்சுமியவா வெளிய தள்ளப் போற?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வானம் இருட்டிக்கொண்டிருந்தது. "அத்தை, ஒரு நாளைக்கு லச்சுமி பொறுத்துக்கிற மாட்டாளா?" என்று கத்தியே விட்டேன். அந்தப் பெண் மல்லுக்கு நிற்கவில்லை. விளக்குமாற்றை ஓரமாகச் சாத்திவிட்டு, "சரிம்மா, மணலோடயே எடுத்துக்கிறேன்" என்று கேமராவைச் சரிசெய்யப் போனாள். முகம் மட்டும் வாடியிருந்தது.

மாமியார் அவளைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பிறகு பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஈரத்துணியோடு மண்டியிட்டுவிட்டார். "கூட்டத்தான் கூடாது, தொடைக்கலாம். மண்ணை வெளிய தள்ளாம கதவு மூலையில ஒதுக்கி வச்சு, காலையில அள்ளிக்கிருவோம்."

"ஐயோ, பட்டு நனையுது அத்தை, குடுங்க இங்கன" என்று துணியைப் பிடுங்கப் போனேன்.

வாசலில் கதவு அடித்துக்கொள்ளாமல் பிடித்தபடி தன் மகன் நிற்பதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவர் குரலைத் தாழ்த்தினார். "பட்டு கெடக்கு, விடு. இது சரியா அமையலேன்னா அவன் போயிருவான்த்தா."

நானும் பக்கத்தில் மண்டியிட்டேன். இருவருமாகத் துடைத்தோம். நிமிர்ந்து பார்த்தால் கேமரா எங்கள் பக்கம் திரும்பியிருந்தது.

படங்கள் வந்தபோது அது என் வீடென்று நம்பவே முடியவில்லை. வானம் ஜன்னலில் நீலமாக நிற்கிறது. ஈரத்தரையில் விளக்கின் சுடர் இன்னொன்றாக எரிகிறது. ஒரு படத்தில் மட்டும் ஓரத்தில் குனிந்த ஒரு முதுகும் அரக்குப் பட்டின் சரிகையும். "அம்மா இருக்குற படத்தையும் அனுப்பியிருக்கேன்க்கா. போடுறதும் விடுறதும் உங்க இஷ்டம்" என்றாள் போனில். அதைத்தான் முதலில் போட்டேன். "மூஞ்சியே தெரியல, போட்ட பவுடரெல்லாம் வீணு" என்று மாமியார் அலுத்துக்கொண்டார். ஆனாலும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைக் காட்டச் சொல்கிறார்.

அந்தப் பெண்ணுக்கு நான் பட்ட கடன் கூலியோடு தீர்வதில்லை. நல்ல நண்டு கிடைத்தால் இன்றைக்கும் மதுரை பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். எங்கள் வழக்கத்தை மதித்து அவள் விளக்குமாற்றை ஓரமாக வைத்திராவிட்டால், மாமியாரின் மனது எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

முதல் குடும்பம் கோயம்புத்தூரிலிருந்து வந்தது. பெட்டிகளை இறக்கிக்கொண்டிருக்கும்போது கணவரின் போன் அடித்தது. ஏஜெண்ட். மாமியாரும் நானும் அப்படியே நின்றுவிட்டோம்.

"வீட்டுக்கு ஆள் வந்துருக்காகண்ணே. பிறகு பேசுறேன்" என்று வைத்துவிட்டுப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

அந்தப் 'பிறகு' இன்னும் வரவில்லை.