நடுங்குனவர முருகன்னு கும்பிட்டோம்

பஜனைக்கு வந்திருக்கற எல்லாருக்கும் சொல்றனுங்க. கோவமாத்தான் சொல்லுவேன். முருகன்கிட்டயே கோவப்பட்டவ நான், உங்ககிட்ட என்ன ஒளிவு?

எமர்ஜென்சிக்கு முந்துன வருசம், தை மாசம். என்ற ஊட்டுக்காரர் பழனிக்கு மாலை போட்டாரு. கேரளா எல்லைல மீனாட்சிபுரத்துப் பக்கம் எங்க தென்னையெல்லாம் கள்ளு ஷாப்புக்காரனுக்குக் குத்தகைக்கு உட்டிருந்தோம். குத்தகை எடுத்தவன் தெனமும் ஷாப்புலருந்து ஒரு கலயம் கள்ளு தோட்டத்துக்காரங்க ஊட்டுக்கு அனுப்போணும். அது எங்க பக்கத்து வழக்கம். தெனமும் அதக் குடிச்ச மனுசன், மாலை போட்டதும் கள்ளத் தொடவே இல்லை. எனக்கு அத்தனை சந்தோசம்.

மூணாம் நாள் கை நடுங்குச்சு. செவுத்தப் பாத்து யாரோடயோ பேசுனாரு. நாலாம் நாள் காலைல வாசல்ல உழுந்து, ஒடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுது. மாலை போட்ட ஒடம்பு, முருகனே எறங்கிட்டான்னு ஊரே கூடிருச்சு. திருநீறு பூசி, குறி கேக்க வரிசைல நின்னாங்க! ஆஸ்பத்திரின்னு நான் வாயத் தொறந்தா, "சாமிக்கு ஊசி போடுவியா?"ன்னு நாத்தனார் சண்டைக்கு வந்தா. அந்த ஷாப்புக்காரப் பாவியும் கற்பூரத்தோட வந்து கும்பிட்டான்.

வாயில நுரை. கண்ணு மேல சொருகிருச்சு. நான் சாமி ரூமுக்குள்ள போயி கத்துனேனுங்க. "டேய் முருகா! நீதான் வந்திருக்கீன்னா எறங்கிப் போடா. நீ இல்லைன்னா, இது என்னன்னு யார் வாயாலயாவது சொல்லு. சொல்லாட்டி இந்தப் பித்தள வேலக் கெணத்துல வீசிருவேன்."

வெளிய வந்தா மரமேறி மாரப்பன் நிக்கறான், மொகம் செத்துப் போயி. "அம்மிணி, இது சாமியில்லீங்க. நான் எறக்கறது நல்ல கள்ளுதானுங்க. ஷாப்புல தண்ணிய ஊத்தி, போதைக்கு மருந்து கலக்கறாங்க. நாலு நாள் குடிக்காம நானும் இப்படித்தான் ஆடுனேன்." ஷாப்புக்குப் பின்னால பொறுக்குன காலி மருந்து பாட்டல மடிலருந்து எடுத்துக் குடுத்தான்.

எவன் பேச்சையும் கேக்கலை. ரெண்டு பேருமாத் தூக்கி பஸ்ல போட்டு, பொள்ளாச்சிக்குக் கொண்டு போனோம். டாக்டர் பாட்டல்ல ஒட்டியிருந்த சீட்டப் படிச்சாரு. "குளோரல். ஃபேக்டரில செய்யற தூக்க மருந்தும்மா. தெனமும் மூளைய அமுக்கி வெச்சிருந்துட்டு ஒரே நாள்ல நிறுத்துனா, அது துள்ளத்தான் செய்யும். கொஞ்சங் கொஞ்சமாக் கொறைக்கோணும். இன்னும் லேட்டாயிருந்தா ஆளே இல்லை." பன்னண்டாம் நாள் அவரு நடந்து வெளிய வந்தாரு.

பாட்டல எடுத்துக்கிட்டு ஆபீசுக்கும் போனேன். கள்ளு ஆபீசர், "மருந்து எங்க இலாகா இல்லை"ன்னான். மருந்து ஆபீசர், "கள்ளுல கலந்தா எங்க இலாகா இல்லை"ன்னான். அந்த மருந்த டாக்டர் சீட்டில்லாம கடைல குடுக்கக் கூடாதாம். ஆனா வித்தவன் மேலயும் கேசில்லை, கலந்தவன் மேலயும் கேசில்லை. நல்லாருக்குதுங்க இவனுக சட்டம்!

குத்தகையப் புதுப்பிக்க வந்த ஷாப்புக்காரன வாசல்லயே நிக்க வெச்சு, வாய்க்கு வந்தபடி கேட்டு அனுப்புனேன். இப்ப எங்க மரத்துல தேங்காதான். மாரப்பன்தான் பறிக்கறான். ஊட்டுக்காரர் மறு வருசம் நடந்தே போயி பழனிமலை ஏறுனாரு.

முருகன நம்புங்க. திட்டியாவது கேளுங்க, யார் வாயாலயாவது சொல்லுவான். ஆனா ஒருத்தன் நடுங்குனா மொதல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க, கற்பூரம் பொறவு ஆகட்டும். பத்து வருசம் அந்தக் கலயத்த வாங்கி, அவருக்கு ஊத்திக் குடுத்தது என்ற கைதானுங்க. அதுக்கும் சேத்துத்தான் இன்னிக்கும் அந்த முருகன் முன்னால உழுந்து கும்பிடறேன்.