வைவாவுக்கு வந்தவள்

இது நடந்தது. பொய்யாக எழுதத் தைரியம் வேண்டும், எழுதுகிறவன் பயந்தாங்கொள்ளி. அதனால்தான் பட்டப்பகலில், வாசல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு எழுதுகிறான். இதுவும் பட்டப்பகலில்தான் நடந்தது என்பது இப்போதுதான் உறைக்கிறது.

மேலப்பாளையம் ஹனீனுக்கு அன்று வைவா, பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி, ஆங்கிலத் துறை. பழங்காலத்து பிரிட்டிஷ் பெண் எழுத்தாளர்களைப் பற்றிய அவளது ஆறு வருட ஆராய்ச்சிக்கு அதுதான் கடைசிப் பரீட்சை. தேறினால் டாக்டர் ஹனீன், அங்கேயே வேலை. தேறாவிட்டால், "படிச்சது போதும்ளா" என்று சொல்ல ஆறு வருடமாகக் காத்திருக்கும் மாமாமார்கள் கல்யாணப் பந்தலுக்குச் சொல்லிவிடுவார்கள்.

வைவாவுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வி கேட்கலாம். யாரும் வருவதில்லை. அதனால் லட்டு, மிக்சர் ஆசை காட்டி எம்.ஏ. பிள்ளைகளை ஓட்டிவந்து உட்கார வைப்பார்கள். அன்றைக்கு நாற்பது பேர். முன்வரிசையில் ஐதராபாத்திலிருந்து வந்த தேர்வாளர். பக்கத்தில் ஹனீனின் தோழி கரோலின்.

கடைசி வரிசையில் ஒரு வயதான அம்மாள். கழுத்துவரை மூடிய கறுப்பு உடுப்பு, தலையில் முக்காடு. கான்வென்ட் சிஸ்டராக இருக்கும் என்று ஹனீன் நினைத்தாள். லட்டுக்காக இல்லாமல் ஒரு ஆளாவது வந்ததே என்று பெருமைகூட.

கடைசி அத்தியாயத்துக்கு வந்தாள். இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய ஒருத்தியின் டைரி. 'நான் செத்ததும் எரித்துவிடுங்கள்' என்று அவள் எழுதிவைத்த டைரி. யாரும் எரிக்கவில்லை. ஹனீன் அதைப் பக்கம் பக்கமாகத் திரையில் போட்டு வாசித்தாள். ஆய்வின் உயிரே அதுதான்.

அப்போதுதான் கவனித்தாள்.

மின்விசிறிக் காற்றில் எல்லார் தட்டிலும் காகிதம் படபடத்தது. அந்த அம்மாளின் முக்காட்டு நுனி அசையவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. ஹனீன் வாசிக்கப்போகும் வரியை... அவளுக்கு முன்னால்.

எப்படியோ முடித்தாள்.

"கேள்வி இருந்தா கேளுங்க," என்றார் வழிகாட்டி எலியேசர் சார். "ஏலே, லட்டு திங்கதுக்கு மட்டும் வாயத் தொறக்காதிய."

சிரிப்பு.

அந்த அம்மாள் எழுந்தாள்.

சிரிப்பு நின்றது.

"என்னுத யாரக் கேட்டு வாசிச்சே?"

சுத்தமான மேலப்பாளையத் தமிழ்.

ஹனீனுக்கு ஆறு வருடப் பழக்கதோஷம். "அது உங்களுதுங்கதுக்கு ஆதாரம்?" என்று கேட்டுவிட்டாள். பேயிடம் ஆதாரம் கேட்ட முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும்.

"ஊரக் கூட்டிவச்சு என்னுத வாசிக்கே. நானும் வாசிக்கட்டா?"

வெறுங்கையைப் புத்தகம்போல் விரித்தாள். வாசித்தாள்.

ஹனீனின் குரலில்.

பதினேழு வயதில் ஹனீன் எழுதியது. எழுதிய அன்றே அடுப்பில் போட்டது. படுக்கையில் கிடந்த உம்மா சீக்கிரம் போய்விட்டால் தேவலை என்று...

ஒரு சொல் பிசகவில்லை.

காகிதம் கருகும் வாடை...

"போதும்!" ஹனீன் கத்தினாள். "அந்த அத்தியாயத்த எடுத்திருதேன்! ஒரு வரி விடாம எடுத்திருதேன்!"

குரல் நின்றது.

நாற்காலி காலி.

நாற்பது பேரும் தலை குனிந்திருந்தார்கள். எலியேசர் சார் கண்ணைத் துடைத்தார். ஏன் எடுக்கிறாய் என்று தேர்வாளர் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டார்; வைவா முடிந்ததும் போடும் பிரியாணியைத் தொடாமல் காரில் ஏறிவிட்டார்.

பட்டம் கிடைத்தது. ஹனீன் மட்டும் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. எந்த முகத்தோடு வருவாள்?

பார்க்க வந்த கரோலினிடம் ஒருநாள் கேட்டேவிட்டாள். "எங்க உம்மாவப் பத்தி அவ வாசிச்சத... எல்லாரும் கேட்டுட்டாங்கல்லா ஏட்டி?"

கரோலின் அவளையே பார்த்தாள்.

"உங்க உம்மாவப் பத்தியா?" பைய கேட்டாள். "அவ வாசிச்சது பூரா என்னுதுல்லா... என் குரல்லல்லா வாசிச்சா."