கட்டியக்காரனும் கிரேக்க ராஜாவும்

கூத்தில் கட்டியக்காரன் வேலை என்பது, ராஜா வருவதற்கு முன்னால் வந்து, ராஜா போன பிறகும் நின்று, நடுவில் ராஜாவுக்கு விழவேண்டிய திட்டையெல்லாம் தான் வாங்கிக்கொள்வது. மேலதிகாரிக்கும் பொதுமக்களுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு விழிக்கும் அன்பர்களே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்த வகையில் நாமெல்லாம் ஒரே சாதி.

இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்ட காலம் அது. நைனார்பாளையத்தில் இருந்த எங்கள் கூத்து ஜமாவைத் தேடி ஜெர்மனியிலிருந்து மார்த்தா என்ற அம்மாள் வந்தார். நாடகம் போடுகிறவர், புத்தகத்தை வைத்துக்கொண்டு தமிழ் படித்தவர். பழைய கிரேக்க நாடகம் ஒன்றை இந்தக் காலத்துக்கு ஏற்ற கூத்தாக ஆக்கவேண்டும் என்றார். தன்னை எதிர்த்துச் செத்தவனை யாரும் புதைக்கக் கூடாது என்று ராஜா உத்தரவு போடுகிறார். செத்தவனுடைய தங்கைக்காரி போய் மண் போடுகிறாள். அதற்காக அவளும் சாகிறாள். அவ்வளவுதான் கதை. நன்றாக வந்தால் எங்களை ஜெர்மனிக்கு அழைத்துப்போவதாகச் சொன்னார். எங்களில் ஒருவரும் மெட்ராஸைத் தாண்டியதில்லை. அன்றிலிருந்து யாருக்கும் சோறு இறங்கவில்லை.

கோட்டு

இந்தக் காலத்து ராஜாவுக்குக் கிரீடமும் முகப்பூச்சும் எதற்கு, கோட்டு போதுமே என்றார் மார்த்தா. ராஜா வேஷம் எங்கள் வாத்தியார் கோவிந்தசாமிக்கு. ஜெர்மனி என்றதுமே கள்ளக்குறிச்சி ஸ்டுடியோவுக்குப் போய், பாஸ்போர்ட்டுக்கென்று கிரீடத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டு வந்தவர் அவர். இருந்தாலும் வெளிநாட்டம்மாள் மனசு நோகக்கூடாது என்று கோட்டை மாட்டிக் கண்ணாடி முன்னால் நின்றார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கழற்றி மடித்து என் கையில் கொடுத்தார்.

"இத்தப் போட்டுக்கினு நின்னா நானே எனக்கு மனு குடுப்பேன்டா."

பதினைந்து பெருசுகள்

மூல நாடகத்தில் பதினைந்து கிழவர்கள் வரிசையாக நின்று ஒரே குரலில் ராஜாவுக்குப் புத்தி சொல்வார்களாம். மேளம், ஆர்மோனியப் பெட்டி, தாளம் எல்லாம் சேர்த்தாலும் எங்கள் ஜமாவில் அத்தனை ஆள் கிடையாது. அந்தப் பதினைந்து பேரையும் நானே பார்த்துக்கொள்கிறேன், புத்தி சொல்கிறதும் உதை வாங்குகிறதும் எனக்குப் பழக்கம்தான் என்றேன். மார்த்தா சம்மதிக்கவில்லை. ஒரே குரல் என்பதுதான் அதில் அழகாம். தங்கை வேஷம் கட்டும் ஏழுமலை, மீசையை மழித்துக்கொண்டே தலையைத் தூக்கினான்.

"ஏம்மா, பதினஞ்சு பெருசுங்க ஒண்ணா ஒரே பேச்சு பேசி நீங்க எந்த ஊர்ல பாத்தீங்க?"

ராஜா எந்தப் பக்கம்?

முதல் ஆட்டம் கல்வராயன் மலைமேல் கரியாலூரில். அடிவாரம் போவதற்குள்ளேயே ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் படுத்திருந்தது. போராட்டக்காரர்கள் வேனைச் சுற்றிக்கொண்டார்கள். கிரீடத்தைப் பார்த்ததும் ஒருவருக்குச் சந்தேகம். ராஜா எந்தச் சாதி என்று கேட்டார். எதைச் சொன்னாலும் வம்பு. ராஜா கிரேக்கருங்க, இந்தப் பக்கத்து ஆளே இல்லை என்று கும்பிட்டேன். அவர் யோசித்தார். மரத்தைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னார்.

"அவங்களுக்கும் கோட்டா கெடைக்கலியாமா? அப்ப எங்களோட வந்து ஒக்காரச் சொல்லு."

வண்டி

வேன் நகர்வதற்குள் போலீஸ் ஜீப் வந்துவிட்டது. மரத்தை வெட்டியது யார் என்று இன்ஸ்பெக்டர் அதட்டினார். யாரோ ஒருவர் நான்தான் என்றார். பக்கத்திலிருந்தவரும் நான்தான் என்றார். பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், மாடு மேய்த்தவர், வேடிக்கை பார்க்க வந்த பெண்கள், எல்லாரும் நான்தான் என்றார்கள். பழக்க தோஷம், நானும் கையைத் தூக்கப் போனேன், வாத்தியார் இழுத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு ஜீப்பைப் பார்த்தார்.

"ஊரையே ஏத்த நம்மகிட்ட வண்டி ஏதுங்க ஐயா?"

இரண்டு ஆகட்டும்

கரியாலூரில் ஊர்த்தலைவர் இடம் கொடுத்தார், சாப்பாடு போட்டார், ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். சாமை விதைக்கிற நேரம், தங்கள் மண்ணில் பொம்பளைப் பிள்ளை சாகிற ஆட்டம் ஆடக்கூடாது. ஆகட்டும் என்றேன். மார்த்தாவிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். அவள் சாகாவிட்டால் நாடகமே இல்லை, நாடகம் இல்லாவிட்டால் ஜெர்மனியும் இல்லை என்றார். அவருக்கும் ஆகட்டும் என்றேன். ஏழுமலை பின்னாலேயே வந்தான்.

"ரெண்டு பேருக்கும் ஆவட்டும்னுட்ட. இப்ப நான் சாவறதா, இருக்கறதா?"

மண்

கலவர நேரம் என்பதால் வெளிச்சத்திலேயே ஆடி முடிக்கச் சொல்லிவிட்டது போலீஸ். பந்தோபஸ்துக்கு வந்தது அதே ஏட்டு. ஆட்டம் நன்றாகத்தான் போனது. பிணமாகத் தாளக்காரர் சடையன் படுத்திருந்தார். ஏழுமலை அழுதுகொண்டே ஒரு பிடி மண் போட்டான். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து வந்து தானும் ஒரு பிடி போட்டாள். சாவுக்கு வந்தவர்கள் மண் போடாமல் போவது அங்கே வழக்கமில்லை. அடுத்தவள் வந்தாள். பிறகு ஊரே வரிசையில் நின்றது. சடையன் ஒரு தடவை தும்மினார். துக்கத்தில் யாரும் கவனிக்கவில்லை.

வாத்தியார் கத்தியோடு உள்ளே வந்து, என் உத்தரவை மீறி மண் போட்டவர் யார் என்று கர்ஜித்தார். அத்தனை பேர் கையிலும் மண். மார்த்தா கையிலும் மண். பாடம் பண்ணி வைத்த பதில் ஒன்றும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. ஏட்டின் முகம்தான் தெரிந்தது. "ஊரே போட்டுச்சுங்க ராஜா. ஊரையே ஏத்த நம்மகிட்ட வண்டி ஏது?" என்றேன். கூட்டம் சிரித்ததில் ஏட்டு தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். வாத்தியாரும் சிரித்துவிட்டார். சிரித்த ராஜா எங்கே கொல்வது? கத்தியை உறையில் போட்டு மங்களம் பாடிவிட்டார்.

ஜெர்மனி போயிற்று என்று பயந்துகொண்டே மார்த்தாவிடம் போனேன். பொண்ணு சாகவில்லையே அம்மா என்றேன். அவர் தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளைக் கொல்வதென்றால் முதலில் என்னைக் கொல்ல வேண்டுமே."

அதற்குப் பிறகு, சனங்கள் எழுந்து வந்து மண் போட்டால் பொண்ணு பிழைக்கும் என்று முடிவை அவர்கள் கையில் விட்டு மார்த்தா எங்களை ஜெர்மனிக்கும் அழைத்துப்போனார். அங்கே டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர்கள் ஒருவர்கூட நாற்காலியை விட்டு எழுந்து வரவில்லை, ஏழுமலை தினமும் ஒழுங்காகச் செத்தான்.