மணி அடித்த நேரத்தில் மாத்திரை

சகோதர சகோதரிகளே, இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. மாதா என் வீட்டைக் காப்பாற்றிக் கொடுத்தாள்! வரதராஜன்பேட்டை லூர்துமேரி சொல்கிறேன், கேளுங்கள்.

இந்த வருடம், 1982 தவக்காலம். என் வீட்டுக்காரர் சவரிமுத்துவுக்குக் கடைவாய்ப் பல் உள்ளுக்குள்ளேயே கோணலாக முளைத்து, தாடை வீங்கிவிட்டது. கஞ்சிகூட இறங்கவில்லை. ஈறைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்றார் அரியலூர் பல் டாக்டர். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆபரேஷனுக்கு நான் பயப்படவில்லை. வலிக்குப் போடும் ஊசிக்குத்தான் பயந்தேன்.

முன்பு அவர் லாரியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டபோது, ஆஸ்பத்திரியில் போட்ட போதை ஊசி அவரைப் பிடித்துக்கொண்டது. கால் சேர்ந்த பிறகும் விடவில்லை. பக்கத்து ஊர்க் கம்பவுண்டர் ஒருவரிடம் போய்ப் போய்ப் போட்டுக்கொண்டார். அவரை மீட்க நான் பட்ட பாடு ஆண்டவருக்குத்தான் தெரியும்.

டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். "சார், அந்த ஊசி மட்டும் வேணாங்க. திரும்பப் புடிச்சுக்கிச்சுன்னா மனுசன் எனக்குக் கெடைக்க மாட்டாருங்க."

"அது எதுக்கும்மா? பல்லு எடுத்த வலிக்கு, வீக்கத்தக் கொறைக்கிற சாதா மாத்திரையே நல்லாக் கேக்கும். போதை கெடையாது. பல்லு எடுக்கறப்ப மரத்த வாய் தெளியறதுக்குள்ள, எதையாவது குடிச்சிட்டு மொதல் மாத்திரையப் போட்டுடணும். வலி வரட்டும்னு காத்திருக்கக் கூடாது."

எங்கள் வீட்டில் கடிகாரம் இல்லை. "மூணு வேளையும் கோயில் மணிக்குக் குடுத்துடறேங்க" என்றேன்.

பல்லை எடுத்து, பஸ் ஏறி, மதிய மணிக்கு ஊர் வந்தோம். மாத்திரையை நீட்டினால் மனிதர் வாயைத் திறக்கவில்லை. "தவக்காலம்டி. இந்த வலிய ஆண்டவருக்கு ஒப்புக்குடுக்கறேன்." எங்கள் ஊர்ப் பக்தி அப்படி!

மரப்பு தெளிந்தது. ஒப்புக்கொடுத்தவர் சுவரில் தலையை முட்டினார். பிறகு சைக்கிளை எடுத்தார். "கம்பவுண்டர் வூட்டுக்குப் போறேன். வழிய வுடு." குறுக்கே நின்றேன், கெஞ்சினேன், கத்தினேன். தெருவில் இறங்கிவிட்டார். "மாதாவே, என்னால முடியல, நீயே நிறுத்து" என்று அழுதேன். இன்னொரு முறை அவரை இழக்க எனக்குத் தெம்பில்லை.

அந்த நேரம் பார்த்துச் சாயந்தர மணி அடித்தது!

மூவேளைச் செபத்துக்கு மணி அடித்தால் எங்கள் ஊரில் யாரும் நடக்க மாட்டார்கள். ஏர் ஓட்டுகிறவர் மாட்டை நிறுத்துவார். சண்டை போடுகிறவர்கள்கூட வாயை மூடுவார்கள். பிறந்ததிலிருந்து பழகிய கால், சைக்கிளோடு அப்படியே நின்றது. சிலுவை போட்டுக்கொண்டார். நான் செபத்தை முணுமுணுத்துக்கொண்டே ஓடிப்போய்க் கஞ்சியும் மாத்திரையும் கொண்டுவந்து, அவர் முடித்ததும் உள்ளங்கையில் வைத்தேன். "மாதா நிறுத்திட்டாங்க. முழுங்குங்க."

முழுங்கினார்! தெருவோரத்திலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில், "மேரி, தாடையில வலி இடிச்சது கொறைஞ்சிருச்சுடி" என்றார். இன்னும் கஞ்சி கேட்டார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. மறுநாளிலிருந்து ஒவ்வொரு கோயில் மணிக்கும் ஒரு மாத்திரை. வீக்கம் வற்றியது. ஊசிப் பேச்சே இல்லை!

அன்பானவர்களே, வலியை ஒப்புக்கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. டாக்டர் தந்த மாத்திரையையும் போட்டுக்கொண்டு ஒப்புக்கொடுங்கள். நம்பிக் கேளுங்கள், மாதா கைவிட மாட்டாள்.

ஈறு ஆறிவிட்டது, மாத்திரையும் தீர்ந்துவிட்டது. ஆனாலும் சாயந்தரச் செபம் முடிந்ததும் மனிதர் பழக்கதோஷத்தில் என்னிடம் உள்ளங்கையை நீட்டுகிறார். ஒரு துண்டு வெல்லம் வைக்கிறேன்.