பத்தொன்பதாவது டிக்கி

என் கைப்பையில் ஒரு சவரப் பிரஷ் இருக்கிறது. மூடி சரியாக இறுகாத சோப்பு டப்பாவுக்குள், எப்போதும் ஈரமாக. லோக்கல் ரயிலில் எதையாவது தேடிப் பையைக் கவிழ்த்தால் அதுதான் முதலில் உருண்டு விழும். எதிரே இருப்பவள் என் முகவாயை ஒரு தரம் உற்றுப் பார்ப்பாள். நானும் சிரித்துக்கொண்டே எடுத்து உள்ளே போடுவேன். அதன் மரப்பிடியில் ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருக்கிறது. என் அத்தானின் கட்டைவிரல் தேய்த்த பள்ளம் அது.

அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். தாராவியில் தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய ஒரு பட்டறையில், பெட்ரோல் கார்களை கேஸில் ஓடும்படி மாற்றுவது அவர் வேலை. அதே பட்டறை வாசலில் மேசை போட்டு, போன் எடுப்பதும் வண்டிக்கு ஒன்றாக அட்டை எழுதுவதும் என் வேலை. டிக்கியில் சிலிண்டர் ஏறிய பிறகு வண்டிக்காரர்கள் இரண்டே இரண்டு கேள்விதான் கேட்பார்கள். பெட்டி வைக்க இடமில்லையே என்பது ஒன்று. "பெட்டிய மடியில வச்சிக்கிடலாம் சார், சிலிண்டர மடியில வைக்க முடியாதுல்லா" என்பார் அத்தான். வெடிக்குமா என்பது இன்னொன்று. அதற்கு மட்டும் சிரிக்க மாட்டார். "சிலிண்டர் யானை சார். லேசுல அசையாது. யானையக் கட்டுன சங்கிலியத்தான் பாக்கணும்." சங்கிலி என்று அவர் சொன்னது, சிலிண்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகிற இரும்புக் குழாயையும் அதன் மூட்டுகளையும்.

அந்த மூட்டுகளைப் பார்ப்பதற்குத்தான் பிரஷ். சோப்பை நுரைத்துத் தடவினால், கசிவிருக்கும் இடத்தில் குமிழி எழும்பும். ஆனால் சிலிண்டருக்கும் பின் சீட்டுக்கும் நடுவே, பிரஷும் பார்வையும் நுழையாத இடுக்கில் ஒரு மூட்டு உண்டு. "கண்ணு போற இடத்துக்குச் சோப்பு, கண்ணு போகாத இடத்துக்கு மூக்கு" என்பது அத்தானின் சட்டம். வேலை முடிந்ததும் டிக்கியை அடைத்து அரைமணி நேரம் விட்டுவிடுவார். திறக்கும்போது யாரும் கிட்டே நிற்கக் கூடாது. முதல் மூச்சு அவருடையது. தலையை உள்ளே விட்டு, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுப்பார். கேஸுக்கு இயல்பாக வாசனை கிடையாது; கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அழுகின நாற்றத்தைக் கலந்து விடுகிறார்கள். அந்த நாற்றம் இல்லையென்றால் "சுத்தம், எழுதுளா" என்று எனக்குக் குரல் கொடுப்பார். நான் அட்டையில் 'கசிவு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். கசிவைக் கண்டுபிடிக்கும் மெஷின் ஒன்றும் இருந்தது. அது பழுதானபோது பட்டறை முதலாளி சேட் ரிப்பேருக்குக் கொடுக்கவில்லை. "தேரா நாக் ஹை நா" என்று அத்தானின் முதுகில் தட்டினார். உன் மூக்குதான் இருக்கிறதே என்று பொருள். அத்தானுக்கு அன்று முழுக்கப் பெருமை தாங்கவில்லை.

கொரோனா அவருக்கும் வந்தது. வாசனையும் ருசியும் போய், அக்கா வைத்த கருவாட்டுக் குழம்பைக் கஞ்சி மாதிரிக் குடித்தார். பிறகு எல்லாம் திரும்பிவிட்டது என்றார். நாங்களும் அப்படித்தான் நம்பினோம். மல்லிகைப் பூவையும் காப்பியையும் கண்ணை மூடிக்கொண்டே சொல்வார். பட்டறை திறந்ததும் பழையபடி மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி, முதல் மூச்சை இழுத்தார். எழுதுளா என்றார். எழுதினேன்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம், டீ குடிக்க மாஸ்க்கைக் கழற்றிய கையோடு அட்டையைக் கொடுக்க வண்டியருகே போனேன். அத்தானின் தலை டிக்கிக்குள் இருந்தது. "சுத்தம்" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தார். நான் மூக்கைப் பொத்தினேன்.

"அத்தான், நாத்தம் அடிக்கே."

"சாக்கடையா இருக்கும்ளா."

"சாக்கடை டிக்கிக்குள்ளயா ஓடுது?"

மறுபடி தலையை விட்டு இழுத்தார். உதட்டைப் பிதுக்கினார். மேசையிலிருந்து அடிக்கோலை எடுத்து அதன் நுனியில் பிரஷைக் கட்டினேன். என் கைக்கண்ணாடியை இன்னொரு கையில் பிடித்துக்கொண்டு இடுக்குக்குள் விட்டேன். கண்ணாடிக்குள் நுரை தெரிந்தது. பிறகு நுரைக்குள்ளிருந்து ஒரு குமிழி மெல்லப் பெருத்து உடைந்தது. இன்னொன்று. அத்தான் அதைப் பார்த்தார். உடனே சிலிண்டர் வால்வைத் திருகி அடைத்துவிட்டு, கீழே கிடந்த டயரில் உட்கார்ந்தார். "மல்லிப்பூ வருதேளா, காப்பி வருதே... இது மட்டும் எப்படி வராமப் போச்சு?" என்று கேட்டார். என்னிடம் கேட்டாரா, மூக்கிடம் கேட்டாரா தெரியவில்லை. நாற்றம் வராததை இத்தனை நாளும் தன் வேலையின் சுத்தம் என்று நினைத்திருக்கிறார் மனுஷன்.

அன்றைக்கே அட்டைகளைப் புரட்டினோம். காய்ச்சலுக்குப் பிறகு அவர் கை பட்டு வெளியே போன வண்டிகள் பத்தொன்பது. எல்லாவற்றிலும் 'கசிவு இல்லை'. எல்லாவற்றிலும் என் கையெழுத்து.

சாப்பாடு கொண்டுவந்த அக்கா விஷயத்தைக் கேட்டதும் தூக்குவாளியைக் கீழேகூட வைக்கவில்லை. "ஊருக்கெல்லாம் தமுக்கடிக்கப் போறியளா? கைவேலை போனா வேற கைவேலை பாக்கலாம். மூக்குப் போனவர்னு பேர் வந்தா யாரு கூப்பிடுவா?" என்றாள். என்னைத் தனியே இழுத்து, "நீ வாயத் தொறக்காத" என்றாள். சேட்டும் வேறு வார்த்தையில் அதையே சொன்னார்: இலவசப் பரிசோதனை என்று கூப்பிடு, காரணம் சொல்லாதே. நானும் அப்படியே போனை எடுத்தேன். முதலில் மாட்டுங்காவிலிருந்த ஒரு மாமி.

"இலவசமாவா? ஏன்டிம்மா, பம்பாயில இலவசம்னாலே வயத்தக் கலக்கறது. என்ன மறைக்கறேள், சொல்லுங்கோ."

நான் போனைப் பொத்திக்கொண்டு அத்தானைப் பார்த்தேன். அத்தான் எழுந்து வந்து என் கையிலிருந்த போனை வாங்கினார். "மாமி, எம் மூக்கு செத்துப் போச்சு. ஒங்க வண்டிய மோந்து பாத்துத்தான் அனுப்புனேன். மூக்கு செத்தது தெரியாமலே அனுப்பிட்டேன். கேஸ் சுவிட்ச அணைச்சிட்டு பெட்ரோல்லயே ஓட்டிக் கொண்டாங்க. ஜன்னலத் திறந்து வைங்க. யாரும் பீடி சிகரெட் பத்த வைக்காண்டாம்." பிறகு மாமி சொன்னது எனக்கும் கேட்டது: "எனக்கும் பெருங்காயம் தெரியலேப்பா. நாலு மாசமா சாம்பார்ல அளவு தெரியாமக் கொட்டிண்டிருக்கேன். ஆனா என் சாம்பாரால யாரும் சாகப் போறதில்லை. இதோ வரேன்."

அதன்பின் மீதி வண்டிக்காரர்களிடமும் அவரே பேசினார். சிலர் திட்டினார்கள், செம்பூர்க்காரர் ஒருவர் போலீஸுக்குப் போவேன் என்றார். "போங்க சார், ஆனா வண்டிய இங்க விட்டுட்டுப் போங்க" என்றார் அத்தான். வர முடியாதவர்கள் வீட்டுக்கு நாங்கள் போனோம். தேவ்நாரில் ஒரு கட்டடத்தின் வாசலில், தாணேயில் ஒரு கோயிலின் பின்பக்கத்தில், டிக்கி டிக்கியாக. அடிக்கோலும் கைக்கண்ணாடியும் என் கையில், ஸ்பேனர் அவர் கையில். திறந்ததும் முதல் மூச்சு என்னுடையது. மாமியின் வண்டி உட்பட பதினேழு சுத்தமாக இருந்தன. ஒன்றில் மூட்டு லேசாகக் கசிந்தது. அந்த வீட்டுப் பெண் கையில் குழந்தையோடு நின்று, நாங்கள் முறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பத்தொன்பதாவது கிடைக்கவில்லை. வெள்ளை வண்டி. பின் கண்ணாடியில் மராத்தியில் 'ஆயிச்சா ஆஷீர்வாத்' என்ற ஸ்டிக்கர், அம்மாவின் ஆசி என்று. மும்பையில் பாதிக் கார்களில் அம்மாவின் ஆசி இருக்கிறது. அட்டையிலிருந்த போன் அணைந்து கிடந்தது. விலாசத்தைத் தேடிப் போனால் ஊரைக் காலி செய்துவிட்டதாகச் சொன்னார்கள்; வண்டி அம்பர்நாத்தில் ஒரு தரகர் கைக்குப் போயிருந்தது. அவர் யாரோ ஒரு குடும்பத்துக்கு விற்றிருந்தார். பேர் மாற்றும் காகித வேலை இன்னும் நடக்கவில்லை, ஆள் யாரென்று நினைவில்லை என்று கையை விரித்தார். பதிவு அலுவலகத்துக்கும் நடந்தோம். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தோம்.

இங்கே ஒன்றை எழுதியாக வேண்டும். அக்காவிடம்கூட இதை முழுசாகச் சொன்னதில்லை. அந்த வெள்ளை வண்டி போன அன்று எனக்கு ஏதோ நாறியது. மாஸ்க்குக்குள்ளேயே லேசாக வந்தது. தாராவியில் ஒரு நாற்றத்துக்குக் காரணமா இல்லை? அந்தப் பக்கம் தோல் பதனிடுகிறான், இந்தப் பக்கம் சோப்புக் காய்ச்சுகிறான், நடுவே சாக்கடை. அதில் ஒன்றாக இருக்கும் என்று என் மூக்குக்கு நானே சமாதானம் சொன்னேன். அத்தானே சுத்தம் என்ற பிறகு மேசைக்காரிக்கு என்ன தெரியும் என்று 'கசிவு இல்லை' என்று எழுதினேன். அவருக்காவது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. ஒருவேளை அது சாக்கடையேதானோ என்னவோ. அதைத்தான் இன்றுவரை என்னால் முடிவு செய்ய முடியவில்லை. பேப்பரில் எங்காவது கார் எரிந்த செய்தி வந்தால் படத்தைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, வெள்ளையா, பின் கண்ணாடியில் எழுத்து தெரிகிறதா என்று பார்க்கிறேன். வண்டி எண் எனக்கு என் பிறந்த தேதியைவிட நன்றாக மனப்பாடம்.

அத்தான் பட்டறையை விட்டுவிட்டார். சேட் போகச் சொல்லவில்லை. புது மெஷின்கூட வாங்கினார். "மெஷின் பாக்கும், சரிதான். எங் கை என்னைய நம்ப மாட்டேங்குதே" என்று சொல்லிவிட்டு வாடகைக் கார் ஓட்டப் போனார். பிரஷை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் செம்பூருக்குத் திரும்பும்போது பல நாள் அவர் வண்டியில்தான் வருகிறேன். வழியில் கேஸ் பம்ப்பில் நிற்போம். கேஸ் நிரப்பும்போது யாரும் வண்டிக்குள் இருக்கக் கூடாது என்பதால் குடும்பம் குடும்பமாக எல்லோரும் இறங்கி ஓரத்தில் நிற்பார்கள். பட்டுப்புடவையோடு ஒருத்தி, தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டபடி ஒருவன். அத்தான் வரிசையின் கடைசிவரை நடந்து ஒவ்வொரு பின் கண்ணாடியாகப் பார்த்துக்கொண்டு வருவார். காரில் ஏதோ தொலைத்தவர் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள்.

போன வாரம் பாதி தூரத்திலேயே நின்று கையைக் காட்டினார். வெள்ளை வண்டி, ஸ்டிக்கர் இருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கிட்டே போனால் எண் வேறு. எனக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சில் நிம்மதி இருந்ததா, ஏமாற்றம் இருந்ததா, சொல்லத் தெரியவில்லை.

"நம்பர் வேற அத்தான். வாங்க, போலாம்."

அவர் நகரவில்லை. வண்டிக்காரர் நாற்பது வயசுக்காரர், கையில் ஒரு சின்னப் பெண்ணைப் பிடித்திருந்தார். அத்தான் இந்தியில் அவரிடம் என்னவோ சொன்னார். அந்த மனிதர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வரிசையை விட்டு வண்டியை ஓரங்கட்டி டிக்கியைத் திறந்தார்.

"வேற நம்பர்னா வேற பிள்ளதானளா, வண்டிக்குள்ள பிள்ள இல்லாமலா போயிரும்?" என்று சொல்லி, எனக்கு வழி விட்டு ஓரெட்டு பின்னால் தள்ளி நின்றார். நான் குனிந்து முதல் மூச்சை இழுத்தேன். ரப்பர் வாடை, பழைய பாய் வாடை. வேறொன்றும் இல்லை. அப்படியும் நம்பாமல் பையைத் திறந்து பிரஷை எடுத்தேன். இன்னும் அது காய்ந்திருக்கவில்லை.