பதினைந்துக்குப் பின் பதினான்கு

என் மேஜையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது. ஒன்று முதல் பதினைந்து வரை எண் போட்ட சதுரக் காய்கள், ஒரே ஒரு காலி இடம். காய்களை நகர்த்தி நகர்த்தியே வரிசைப்படுத்த வேண்டும். என் பெட்டியில் கடைசி இரண்டைத் தவிர எல்லாம் வரிசையாகத்தான் இருக்கின்றன. பதினைந்து முன்னால் நிற்கிறது, பதினான்கு பின்னால். வீட்டுக்கு வருகிறவர்கள் சரிசெய்யப் பார்ப்பார்கள், கொஞ்ச நேரத்தில் அலுத்துத் திருப்பித் தருவார்கள். நான் பழையபடியே தப்பாக அடுக்கி வைத்துவிடுவேன்.

எண்பதுகளில் பம்பாய்க் கோட்டைப் பகுதி அலுவலகம் ஒன்றில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். எங்கள் ஹெட் கிளார்க் மாட்டுங்காவிலிருந்து வருவார், பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம். சனிக்கிழமை அரைநாள் முடிந்ததும் நாங்கள் சேர்ந்து ரயிலேறுவோம். பெண்கள் பெட்டியின் ஜன்னலோரத்தில் எங்கள் கூட்டம் ஏழெட்டுப் பேர், எதையாவது புதிதாகத் தெரிந்துகொள்ளாவிட்டால் சோறு இறங்காத ஜாதி. அவர்களுக்காக ஹெட் கிளார்க் வாராவாரம் ஒரு தாள் எழுதுவார். ஆட ஒன்று, படிக்க ஒன்று, பார்க்க ஒன்று. கார்பன் வைத்து அழுத்தி எழுதி ஐந்து பிரதி எடுப்பார். கண்ணுக்கே தெரியாத கடைசிப் பிரதியைத் தனக்கு வைத்துக்கொள்வார். தமிழ் படிக்கத் திணறும் இளசுகளுக்கு யாராவது உரக்கப் படித்துக் காட்டுவார்கள். அந்தத் தாளை நம்பித்தான் ஒரு ஞாயிறு எங்கள் முலுண்ட் வீட்டில் வாடகை வீடியோவில் ஆக்டோபஸைப் பற்றிய கேசட் ஓடியது. சினிமா பார்க்கலாம் என்று வந்த பக்கத்து வீட்டார் இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை.

தாளில் ஒவ்வொரு சிபாரிசின் கீழும் அவர் ஒரே சொல் எழுதுவார்: முடித்தேன். கடைசி வரி வரை படிக்காத கட்டுரையையோ, முழுக்க ஓட்டிப் பார்க்காத கேசட்டையோ அவர் யாருக்கும் சொன்னதில்லை. எங்கள் கூட்டம் அந்தச் சொல்லைத்தான் நம்பியது.

நானும் ஒன்றைத் தாளில் ஏற்றிவிட ஆசைப்பட்டேன். இந்தப் பெட்டியைச் சாதாரணமாக ஆடி முடித்தவள், இன்னும் கடினமாக்குகிறேன் பேர்வழி என்று பதினான்கையும் பதினைந்தையும் நெம்பி எடுத்து இடம் மாற்றிப் போட்டேன். எத்தனை ஆடினாலும் கடைசியில் அந்த இரண்டும் மட்டும் முறைத்துக்கொண்டு நின்றன. இன்னும் நாலு நகர்த்தல்தான், வந்துவிடும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அந்த வாரம் ஹெட் கிளார்க்குக்குக் காய்ச்சல், தானே ஆடிப் பார்க்கத் தெம்பில்லை.

"நீ முடிச்சுட்டியோன்னோ?" என்று கேட்டார்.

"முடிச்சுட்டேன் மேடம்" என்றேன், கூசாமல்.

என் வார்த்தையை நம்பி அவர் "முடித்தேன்" என்று எழுதினார்.

அடுத்த சனிக்கிழமை மஸ்ஜித் ஸ்டேஷனில் எங்கள் கூட்டத்துக் குர்லா அக்கா ஏறினார். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். கணவரின் தோல் பை பட்டறைக்கு ஜிப்பும் பக்கிளும் வாங்கிப்போக வருவார். பையைக் கீழே வைக்குமுன்பே இதே மாதிரி ஒரு பெட்டியை ஹெட் கிளார்க்கிடம் நீட்டினார்.

"மேடம், கோவிச்சுக்காதீய. இது தீராது. ஒரு வாரமா பட்டறையில பாத்துட்டேன். ஒரு சோடியெ மாத்துனா கூடவே இன்னொரு சோடியும் மாறிப் போவுது. ஒத்தச் சோடியெ மட்டும் மாத்த இதுல வழியே கெடையாது. நீங்க எப்படி முடிச்சிய?"

கூட்டம் முழுக்க ஹெட் கிளார்க்கைப் பார்த்தது. ஒருத்தி தாளை மடித்துக் கைப்பையில் திணித்தாள். இத்தனை வருஷத்துத் தாள்களும் அந்த ஒரு கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தன. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஹெட் கிளார்க் என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார்.

"நான் முடிக்கலை. ஆடியே பாக்காம எழுதிட்டேன். தப்பு என்னோடது" என்றார்.

என் பெயர் அவர் வாயில் வரவில்லை. அடுத்த வாரத் தாளில் முதல் வரியாக அதையே எழுதினார். அதன் கீழே, அந்த ஆட்டம் ஏன் தீராது என்ற குர்லா அக்காவின் விளக்கம். அந்தத் தாளைத்தான் எல்லாரும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். ஒருத்தரும் கூட்டத்தை விட்டுப் போகவில்லை. அந்தத் தாள் வந்த அன்று, பொய் சொன்னது நான்தான் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். "தெரியும். அடுத்த வாரம் ஆட்டம் நீயே எழுது, முடிச்சுட்டு எழுது" என்றார் ஹெட் கிளார்க். அவரிடம் வேலை பார்த்தவள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றும் தலை நிமிர்கிறது.

இப்போது என் கைப்பேசியில் ஒரு குழு இருக்கிறது. அதே மூன்று: ஆட, படிக்க, பார்க்க. நேற்று ஒரு நீளமான வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் இருபது நிமிடம் பாக்கி. போதும், விஷயம் பிடிபட்டுவிட்டது என்று குழுவுக்கு எழுதத் தொடங்கி, "முடித்தேன்" என்று தட்டியும்விட்டேன். அனுப்பப் போகும்போது மேஜையில் பதினைந்தும் பதினான்கும் கண்ணில் பட்டன.

அழித்துவிட்டு, மிச்ச இருபது நிமிடத்தையும் பார்த்தேன்.